ஜன்னல் பக்க மூலை

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் ஒட்டுப்போர்வைக்கு ஊக்குக் குத்துவார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அடித்துணியை இழுத்து டேப் ஒட்டி, மேலே பஞ்சு விரிப்பு, அதற்கும் மேலே துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி. நான்கு பெண்கள் நடுவில் தொடங்கி, மூலைக்கு ஒருவராகக் குத்திக்கொண்டே போவார்கள். அப்புறம்தான் மூன்றையும் சேர்த்து மிஷின் தையல். யாருக்கு எந்த மூலை என்பது மாறவே மாறாது. ஜன்னல் பக்க மூலை ஆர்லிஸுடையது. முப்பது வருஷமாக அங்கே ஒரு சுருக்கம் விழுந்ததில்லை.

அன்று விரிந்து கிடந்தது டெல்ஃபினின் போர்வை. மூன்று வருஷத்துக்கு முன்தான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒன்பது வருஷம் ஆர்லிஸ் வாங்கிய முதல் பரிசு நீல ரிப்பனைப் போன வருஷக் கண்காட்சியில் தட்டிக்கொண்டு போனவள். இந்த வருஷம் போர்வை முழுக்க நட்சத்திரங்கள். முனை ஒன்றுகூடப் பிசகவில்லை. பார்க்கப் பார்க்க ஆர்லிஸுக்கு வயிறு எரிந்தது.

தடவிக்கொண்டே போன உள்ளங்கையில், அடித்துணியின் மடிப்பு ஒன்று தட்டுப்பட்டது. டேப்பைப் பிரித்து இழுத்தால் சரியாகிவிடும். அவள் அதன் மேலேயே ஊக்கைக் குத்தினாள்.

தைத்து முடித்துத் திருப்பியபோதுதான் டெல்ஃபின் அந்த மடிப்பைப் பார்த்தாள். மறுநாள் கண்காட்சி, பிரிக்க நேரமில்லை. ரிப்பன் ஆர்லிஸுக்கே வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் கீழ்த்தளத்தில் கூடினார்கள்.

"மடிப்பு விழுந்தது ஜன்னல் மூலைதானே?" என்றாள் எதிர் மூலைக்காரி வெர்லா, காப்பி ஊற்றிக்கொண்டே.

"விடு வெர்லா. எழுபத்திமூணு வயசாச்சு, விரல் மரத்துத்தான் போகும்," என்றாள் டெல்ஃபின். "அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே உக்காந்து ஊக்கு எடுத்துக் குடுங்க, போதும்."

அந்தக் கனிவை ஆர்லிஸால் தாங்க முடியவில்லை.

"என் விரலுக்கு ஒரு கேடும் இல்ல. மடிப்பு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் குத்தினேன்."

வெர்லாவின் கோப்பை நிரம்பி வழிந்தது.

"ஏன்க்கா?" என்றாள் டெல்ஃபின்.

"உன் நட்சத்திரம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. போதுமா?"

டெல்ஃபின் பையிலிருந்து போர்வையை எடுத்தாள். அந்த மூலையை ஆர்லிஸின் மடியில் போட்டு, தையல் பிரிக்கும் ஊசியை மேலே வைத்தாள்.

"பிரிங்க. டேப் நான் ஒட்டுறேன்."

ஆர்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை பிரித்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஜன்னல் மூலையை விட்டும் கொடுக்கவில்லை.