ரேடியேட்டரில் மஞ்சள்பொடி

எங்கள் டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். நரிக்குடிப் பக்கம் இரண்டு வீட்டில் உழைத்துக் களைத்த பிறகுதான் அது அப்பாவிடம் வந்தது. அதன் முனகல் எங்களுக்குப் பழக்கம். ஆனால் அந்த ஐப்பசியில், மழை பெய்து கரிசல் உழவுக்குப் பதமாக இருந்த காலையில், வண்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஈரம் காய்ந்தால் விதைப்பு போயிற்று, அந்த வருடமே போயிற்று. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊரில் மற்ற டிராக்டர்கள் எல்லாம் உழுவதாக வாக்குக் கொடுத்த காடுகளுக்குப் போய்விட்டன. பரளச்சி மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "நாலு நாளு பொறுங்கண்ணே, வாரேன்" என்றார்.

அப்பா சைக்கிள் டியூபைக் கிழித்து, ரேடியேட்டரில் வெடித்திருந்த தண்ணீர் ஓஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ரேடியேட்டர் கசிவு மட்டும் நிற்கவில்லை. அதற்கு எங்கள் பக்கத்து வைத்தியம் மஞ்சள்பொடி. தண்ணீரோடு ஊற்றினால் ஊசித்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அம்மா குழம்புக்கு வைத்திருந்த டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டாள்.

மூடியைத் திறந்துவைத்து அப்பா வண்டியை ஓடவிட்டார். கீழே சொட்டு நின்றது. நான் முன்டயரில் ஏறி எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. பொடி வேலை செய்கிறது என்று நான் கைதட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் குமிழிகளையே வெகுநேரம் பார்த்துவிட்டு மூடியைப் போட்டார்.

"அக்கா காட்டுக்குப் போறேன். வெதைய எடுத்து வைக்கச் சொல்லு" என்றார் என்னிடம்.

அம்மாவுக்கு முகம் மாறியது. "நம்ம காட்டை மொதல்ல முடிச்சிருங்களேன்."

"அக்கா காடு சீக்கிரம் காஞ்சிரும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவின் அக்காவான அத்தை காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. அதே கரிசல், அதே மழை. மாமா தவறிய பிறகு அத்தைக்கு அந்தக் காட்டு உளுந்துதான் கதி என்பது உண்மைதான். அதற்காக இப்படி ஒரு பொய்யா?

அத்தை விதை தூவ, அப்பா உழுதார். வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் வரப்பில் ஓடினேன். சொட்டவேயில்லை. அத்தை காடு முடிந்தது. எங்கள் காட்டில் பாதிகூடத் தாண்டவில்லை, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு வண்டி நின்றது. அம்மா விதைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன்.

மெக்கானிக் வந்தபோது மண் வெடிப்பு விட்டிருந்தது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர், "உள்ள கேஸ்கட் போயிருக்கு. ரேடியேட்டர்ல கொமிழி வந்திருக்குமே, நீங்க பாக்கலையாண்ணே? கொமிழி வந்தா வண்டி எந்நேரமும் நின்னுரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"பாத்தேன். தெரியும்" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. தெரிந்த மனிதர் எங்கள் காட்டை அல்லவா முதலில் உழுதிருக்க வேண்டும்? இவ்வளவு சின்னக் கணக்குக்கூட அப்பாவுக்கு வரவில்லையே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.