சோப்பு தடவிய ஸ்டவ்

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ் தீப்பிடித்து என் மனைவியின் வலது கை வெந்துபோனது. முப்பது வருடம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்து, ஊரார் பிராதுகளைக் குறை சொல்லித் திருப்பியவன் நான். கடைக்காரர்மேல் பிராதை நானே எழுதினேன்.

"ஸ்டவ்வில் என்ன பழுது என்றே இதில் இல்லை, தள்ளுபடி செய்ய வேண்டும்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். உண்மைதான். சட்டப் பிரிவுகள் மட்டும் ஒன்று விடாமல் இருந்தன.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இன்னாங்க, ஒழுகின எடத்துல கடைக்காரன் சோப்பு தடவிக் குடுத்தானே, அத்த எழுதலியா?"

"எங்கிட்ட சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா?"

முன்சீப்பிடம் அனுமதி பெற்று அதைச் சேர்த்தேன். கூண்டில் ஏறிய கடைக்காரர், "கொஞ்சூண்டுதான் சாமி தடவினேன்" என்றார். ஜெயித்தோம்.

இப்போது யாருக்குப் பிராது எழுதினாலும், அடிபட்டவர் பேசி முடித்த பிறகே பேனாவைத் திறக்கிறேன்.