கிளைசினா, கல்வீடா?

போர் முடிந்து எங்கள் ஊரான இலுப்பைக்கடவையில் மீளக் குடியேறிய புதிதில், தகரக் கொட்டிலுக்குள் எனக்கு நித்திரையே வருவதில்லை. கனடாவிலிருந்த அக்கா, நித்திரைக்கு நல்லதென்று கிளைசின் என்ற அமினோ அமிலத் தூளை ஒரு போத்தலில் அனுப்பினார். தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், சீனிபோல இனித்தது. மூன்றாம் நாள் விடியும்வரை தூங்கினேன். ஆனால் அன்றுதான் நாங்கள் புதுக் கல்வீட்டுக்கும் மாறியிருந்தோம். எது தூங்க வைத்தது என்று பிடிபடவில்லை. டொக்டரிடம் போத்தலைக் காட்டினேன்.

“இது மீனிலயும் இருக்கு. சிலருக்கு உதவலாம், நிச்சயமில்லை,” என்றார்.

நாங்களோ தினமும் மீன் தின்கிறவர்கள். குழப்பம் கூடியது. தூளை நிறுத்திப் பார்த்தேன். முதல்நாள் நித்திரை வந்தது, மறுநாள் வரவில்லை.

அக்கா தொலைபேசியில், “இன்னொண்டு அனுப்பட்டோ?” என்று கேட்டார்.

“தெரியேல்லை அக்கா.”

“நித்திரை கொள்ளுறது நீதானே, உனக்குத் தெரியாதோ?”

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.