யன்னலுக்கு வெளியே பத்தாவது ஆள்

அந்த மேல்மாடியை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. அன்று அங்கே வந்த வீச்சத்தால் அல்ல, எங்களால்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் யூதர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் இருந்தோம். அப்பா கொச்சியிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். நான் பிறந்ததும் பேசிப் பழகியதும் இந்தத் தெருவின் தமிழில்தான். எங்களுக்கென்று ஒரு தொழுகைக்கூடம் இல்லை. புடைவைக்கடை முதலாளி ஒருவரின் மேல்மாடியில் சனிக்கிழமை காலைகளில் கூடுவோம். எங்கள் வேதமான தோராவின் சுருள் அவரிடம்தான் இருந்தது. ஆனால் பத்து ஆண்கள் சேராமல் சுருளை விரித்து வாசிக்கக் கூடாது, இறந்த தகப்பனுக்காக மகன் பதினொரு மாதம் சொல்லும் துதியையும் சொல்லக் கூடாது. அது எங்கள் சட்டம்.

அப்பா செத்து நாலு மாதம். உலக யுத்தத்துக்கு வந்த இரண்டு யூதச் சிப்பாய்களையும் சேர்த்தால் ஒன்பது பேர். ஒவ்வொரு சனியும் ஒன்பதுதான். அச்சுப் புத்தகத்தில் அந்தக் கிழமைக்குரிய வேதப் பகுதியை வாசித்துவிட்டு, துதியை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அம்மா வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பா.

ஒரு மழைச் சனிக்கிழமை பத்தாவது ஆள் வந்தார். பாக்தாத்துக்காரர். கப்பலில் வந்து இங்கேயே தங்கித் தமிழும் பழகி, மட்டக்குளியில் ஒரு கிட்டங்கியில் மாட்டுத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குகிறவர். ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாதென்று அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தார். தோய்த்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் அந்தத் தோல் வீச்சம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சிப்பாய்களில் ஒருவன் லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினான்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். எங்கள் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வெளியே நிற்பவன் யன்னலால் முகத்தைக் காட்டினால் அவனையும் பத்தில் சேர்க்கலாம்.

"அவரை வராந்தாவில நிக்கச் சொல்லு. முகம் தெரிஞ்சாக் காணும்," என்றார் என்னிடம்.

வெட்கம் கெட்டவன், நானேதான் போய்ச் சொன்னேன். அப்பாவின் துதியைச் சொல்லிவிட வேண்டும், வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

அந்தக் கிழமைப் பகுதி தொழுநோயாளியைப் பற்றியது. அவன் பாளயத்துக்கு வெளியே தனித்திருக்க வேண்டும். குணமாகிவிட்டானா என்று பார்க்க ஆசாரியனே எழும்பி வெளியே போக வேண்டும். வாசித்து முடித்து முதலாளி தமிழும் இங்கிலீசும் கலந்து விளக்கம் சொன்னார். கடவுளுக்குச் செய்யும் ஊழியம் பீடத்தடியில் மட்டும் இல்லையாம், தள்ளிவைத்தவனைத் தேடி வெளியே நடப்பதும் ஊழியமாம். என்ன அழகாகச் சொன்னார்! நாங்களும் உருகிப்போய்த் தலையாட்டினோம். யன்னலில் அந்த மனிதரின் தாடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தனுக்காவது உறைத்ததா? தூ!

நான் துதியைச் சொன்னேன். எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவர் அவர்தான். என் அப்பாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பிறகு உள்ளே பலகாரம் பரிமாறினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது வராந்தாவில் ஆளில்லை. வீட்டில் அம்மாவிடம் துதி சொல்லியாயிற்று என்றேன். அவ அழுதா. என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சனி அவர் வரவில்லை. திரும்பவும் ஒன்பது. திங்கட்கிழமை பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போனேன். கிட்டங்கி வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டேன். அவர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் கோபமே இல்லை. அப்பாவுக்காகச் சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டேன்.

"வாறன் தம்பி," என்றார். "அண்டைக்கு மாதிரி யன்னலடியில நிக்கவோ, உள்ளுக்கு வரவோ?"

உள்ளே வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளியின் முகமும் அந்த லேஞ்சியும் கண்முன் வந்தன. கொஞ்சம்தான் தயங்கினேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"சரி தம்பி, யன்னலடியிலயே நிக்கிறன்."

துதி சொல்ல வேண்டிய மாதங்கள் முடியும்வரை ஒவ்வொரு சனியும் அவர் நடந்து வந்து அங்கேயே நின்றார். நான் ஒரு நாளாவது வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.