மாமா வைத்த வேகம்

“மாமா, முதல்ல எஸ்.பி.ஐ.ன்னு ஒரு இணைப்பை ஆன் பண்ணணுமாம். அப்பதான் கம்ப்யூட்டர் திரையோட பேசுமாம்.”

“பண்ணியாச்சு.”

“அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணணுமாம்.”

“அதுவும் ஆச்சு. நீ வேகமாப் படி, பாப்பா.”

“ஒயர் நீளமா இருந்தா அனுப்புற வேகத்தைக் குறைக்கணும்னு போட்டிருக்கு.”

“அடுத்த வரி.”

மாமா இப்படிச் சொன்னால், படித்த வரி அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அத்தையின் கணவரான அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தபடி, “மெதுவா, மெதுவா” என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் ஆளே மாறிவிடுவார். அத்தை தண்ணீர் எடுத்து வருவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். “யாராவது துரத்துறாங்களா உங்களை?” என்று அத்தை கேட்காத நாள் இல்லை.

பக்கத்து சீட்டில் குலுங்கிக் குலுங்கி மாமாவின் இடுப்பு போய்விட்டது. அடுத்து யார் முறை என்று காட்டும் ஒரு திரையை அவரே செய்து ஆபீஸில் மாட்டிவிட்டால், இனி காரில் ஏற வேண்டாம், ஆபீஸையே பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் திரையை இயக்கிக் காட்ட வேண்டும்.

அன்று ஞாயிறு. ஆபீஸில் இருக்கப்போவது போலவே, லினக்ஸ் ஓடும் கையகல கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசையிலும் திரை கதவுக்கு மேலும் இருந்தன. நடுவில் துணி காயப்போடும் அளவுக்கு ஒயர். குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துத் தமிழில் சொல்வது என் பங்கு.

திரையில் எழுத்தே வரவில்லை. வெறும் புள்ளிகள். மாமா ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார், திரையைத் துடைத்தார், விற்ற கடைக்காரரைத் திட்டினார். வேகம் என்ற இடத்தில் மட்டும், அந்தத் திரை தாங்கும் உச்ச எண்ணையே விட்டுவைத்திருந்தார்.

“இவ்வளவு வேகமா அனுப்பினா, போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் குழம்பிடுமாம், மாமா.”

“இவர் பேசுறதே எனக்கு அப்படித்தான் வந்து சேருது” என்றார் அத்தை.

அதன் பிறகு மாமா அந்த எண் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார். துணி எடுக்க அத்தை மாடிக்குப் போனார். காலடிச் சத்தம் படியேறி மறையும் வரை மாமா காத்திருந்தார்.

“அந்த வரியை இன்னொரு தடவை படி.”

படித்தேன். மேசைக்கு அடியில் அவர் கால் தரையை மெல்ல அழுத்தியது. எண்ணின் கடைசியிலிருந்து ஒரு பூஜ்யத்தை அழித்தார்.

கதவுக்கு மேல், ‘அடுத்தவர் வரலாம்’ என்று பளிச்சென்று வந்து நின்றது.

மாடிப்படியில் அத்தை இறங்கும் சத்தம் கேட்டது. மாமா என் பக்கம் குனிந்தார்.

“பாப்பா, அத்தை கேட்டா ஒயர் லூசா இருந்துச்சுன்னு சொல்லு. மெதுவாப் போனதால சரியாச்சுன்னு மட்டும் சொல்லிடாதே. நான் இனிமே இந்த வீட்டுல நிம்மதியாச் சாப்பிடணும்.”