ஆம்பூருக்கு எடுத்துச் சென்ற வளையல்கள்

போகிக்கு முந்தைய சனிக்கிழமை காலை பெரம்பூரில் ரயிலேறினேன். நேரே ஆம்பூரிலேயே இறங்கியிருக்கலாம். வேலூரில் நகை வாங்க வேண்டியிருந்ததால் நூற்றுமுப்பது கிலோமீட்டரில் காட்பாடியோடு இறங்கிக்கொண்டேன்.

ஆம்பூரில் இருப்பவள் என் ஒரே தங்கை மல்லிகா. செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவள். வேலூரில் வைத்தியம் பார்த்தோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கார்த்திகையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு அவள் இருக்கமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

முந்தின வாரம் தொலைபேசியில் அவளே கேட்டாள்.

“அண்ணா, இந்த வருசம் சீருக்குப் பொடவ வாணாம். ஒரு ஜோடி வளையல் எடுத்துனு வா. ரெண்டு நாலு சைஸ். கவரிங்கே போதும்.”

“இன்னா, அண்ணன்கிட்ட காசு இல்லன்னு நெனச்சியா?”

“அதுக்கில்லண்ணா. கேக்கறத குடேன். கண்ணாடி வளையல் படுக்கையில ஒடஞ்சி குத்துது.”

வளையல் மேல் அவளுக்குத் தீராத ஆசை. தொழிற்சாலையில் கையில் எதுவும் போடக்கூடாது. வளையல் உரசினால் தோலில் கோடு விழும், அந்தச் செருப்பு ஜோடியையே கழித்துவிடுவார்கள். காலையில் கழற்றி இரவில் போடுவானேன் என்று வெறுங்கையாகவே இருந்து பழகிவிட்டாள்.

காட்பாடியிலிருந்து பேருந்தில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தேன். ஆற்றில் மணலும் முள்செடியும் அங்கங்கே கால் நனையும் தண்ணீரும். பத்தரை மணிக்கு லாங் பஜாரில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். இடப்பக்கம் தங்கம், வலப்பக்கம் கவரிங். விற்பனைக்கு நின்ற அம்மாள் இரண்டையும் ஒரே சிவப்புத் துணிமேல் வைத்தாள். எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

“யாருக்கு சார்?”

“தங்கச்சிக்கு. அவ கவரிங்தான் கேட்டா.”

“கவரிங் போட்டா நிம்மதியா தூங்கலாம் சார். தங்கம் போட்டவங்க கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துனே முழிச்சினு இருப்பாங்க,” என்று சிரித்தாள். “எது போடட்டும்?”

பவுன் லட்சத்தைத் தாண்டிய காலம். தங்கத்தில் ஒன்றரைப் பவுன் ஜோடி. கவரிங் அறுநூற்றைம்பது ரூபாய். என் செலவைக் குறைக்கத்தான் கவரிங் கேட்கிறாள் என்று நினைத்தேன். இன்னொன்றும் உறுத்தியது. எத்தனை நாள் போடப்போகிறாள் என்று கணக்குப் பார்த்த அண்ணனின் பரிசுபோல அது தெரியுமே. மகன் படிப்புக்குப் போக மீந்திருந்த சேமிப்பு முழுவதையும் கொடுத்துத் தங்கத்தை வாங்கினேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர். மடியில் இருந்த நகைப்பையைப் பார்த்துவிட்டார்.

“தங்கம் ரொம்ப ஜாஸ்தியா போவுதே சார். பொண்ணுக்கா?”

“தங்கச்சிக்கு, பாய். பொங்கல் சீர்.”

“ஆங், நல்ல காரியம். கூடப் பொறந்தவளுக்குக் கம்மி பண்ணக் கூடாது. பின்னால மனசு பேஜாராயிடும்.”

நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டியதும் பதனிட்ட தோலின் வாடை சன்னல் வழியாக வந்தது. முதல்முறை வருபவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். எனக்கு அது தங்கை வீட்டு வாடை.

வீட்டை அடைந்தபோது ஒரு மணி. மச்சான் ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். மல்லிகாவின் மகள் ரேவதி வேலூர் பாகாயத்தில் நர்சிங் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பால் வாங்கக் கடைக்குப் போனாள்.

மல்லிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த நகைப்பெட்டியைத் திறந்து, ஒரு வளையலை உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

“அண்ணா, இது தங்கமாச்சே.”

“போட்டுக்கோ.”

“போட்டுக்கலாம். நாளைக்கு இத யாரு கழட்றது?”

எனக்கு விளங்கவில்லை. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எங்க மாமியா செத்தப்ப நான்தான் கழட்டினேன். கை வீங்கிட்டிருந்திச்சி. சோப்பு போட்டு, நூலு சுத்தி இழுத்தேன். ‘மெதுவா, மெதுவா’ன்னு சுத்தி நின்னவங்க சொல்றாங்க. யாருக்கு மெதுவா? அந்தக் கை இன்னும் என் கைக்குள்ளயே இருக்குது. தங்கத்த மண்ணுல உடமாட்டாங்க. என்னுத ரேவதிதான் கழட்டணும். கவரிங்குன்னா யாரும் கை வெக்கமாட்டாங்க. அப்பிடியே போட்டுனு போயிடுவேன்.”

சாவு வீடுகளில் நகை கழற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். கழற்றுகிற கையைப் பார்த்ததில்லை.

பால் வாங்கிவந்த ரேவதியை மல்லிகா பக்கத்தில் உட்காரவைத்துத் தங்க வளையல்களை அவள் கையில் ஏற்றினாள்.

“எனக்கு எதுக்கும்மா? மாமா உனக்கு எடுத்துனு வந்தது.”

“எனக்கு வந்த சீரு, நான் யாருக்கு வேணா போடுவேன். நீ இன்னா கேக்கறது? ஆடாம ஒக்காரு.”

ஏற்றுவதற்கும் கொஞ்சம் சோப்புத் தேவைப்பட்டது. மல்லிகா அவசரப்படவே இல்லை. மகளின் விரல்களை ஒன்றாகக் குவித்து, அமுக்கி, மெதுவாகத் தள்ளினாள்.

மூன்று மணிக்கு நான் மட்டும் ஆம்பூர் பஜாருக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி முழுக்கக் கவரிங் வைத்திருந்த சின்னக் கடை. வேலூரில் பார்த்ததைப் போன்ற ஜோடியைத் தேடித் தேடிப் பார்த்தேன். காலையில் தங்கம் எடுக்கக் கால்மணி நேரமே ஆனது. இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். எதை எடுத்தாலும், அது கடைசிவரை அவள் கையிலிருக்கும் காட்சி வந்துவிடுகிறது. கடைக்காரர் பொறுமையாகவே இருந்தார்.

“தைரியமா எடுங்க சார். ஆறு மாசம் கேரண்டி. அதுக்குள்ள கறுத்துப் போச்சுன்னா கொண்டாங்க, வேற மாத்தித் தர்றேன்,” என்று கேரண்டி அட்டையை எடுத்தார். “இன்னிக்கித் தேதி போட்டுடட்டா?”

பேருந்துச் சீட்டின் பின்புறத்தில்கூடத் தேதி எழுதிவைப்பவன் நான்.

“தேதி வேணாம்,” என்றேன்.

“தேதி இல்லன்னா செல்லாது சார்.”

“பரவால்ல.”

மல்லிகாவின் கைக்கு ‘ரெண்டு நாலு’ இப்போது பெரிதாக இருந்தது. கையைக் கீழே விட்டால் வளையல் விரல்வரை வந்துவிடும். அதனால் முழங்கையை மடித்துத் தூக்கியே வைத்துக்கொண்டாள். நான் புறப்படும்வரை அந்தக் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் நல்லாருக்குதில்ல?”

“நல்லாருக்கும்மா.”

மாலை ரயிலுக்காக ஆம்பூர் நிலையத்தில் நின்றேன். வேலை விட்ட தொழிற்சாலைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு பெண் சாப்பாட்டுக் கூடையிலிருந்து வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் போட்டாள். தோழியிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே போட்டாள். பெரம்பூரில் என் மனைவியின் கையில் எத்தனை வளையல்கள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. ரயில் வந்தது.