பதினான்கு வளைகளும் ஒரு பங்குச் சாமையும்

தை மாதம், காலை 6.40. திருப்பத்தூரில் புதூர்நாடு ஜீப் ஏறினேன். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், எழுபது ரூபாய். எனக்கும் ஒரு புளி மூட்டைக்கும் சேர்த்து ஒரே இருக்கை.

"இன்னா மேடம், எலியப் பாக்கப் போறீங்களா?" என்றார் ஓட்டுநர். மலையில் எனக்கு எலி மேடம் என்றுதான் பெயர்.

ஆவணியில் கோவிந்தன் என்பவரின் சாமைக் கொல்லையில், பதினான்கு வெள்ளெலி வளைகளுக்குள், சூட்டைத் தானாகப் பதிவு செய்யும் சட்டைப் பொத்தான் அளவு வெப்பமானிகளை நூலில் கட்டி இறக்கியிருந்தேன். ஒவ்வொரு வளை வாயிலும் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன். மார்கழிக் குளிரில் வளைக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது? அது தெரியாமல் என் மூன்று வருட ஆய்வு முடியாது. பங்குனியோடு எனக்குக் கொடுத்த காலமும் முடிகிறது.

8.30. கொல்லையில் ரிப்பன்களும் இல்லை, வளைகளும் இல்லை. பதினான்கு இடத்திலும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஒவ்வொரு பள்ளமாகக் குனிந்து துழாவினேன்.

கோவிந்தன் சிரித்தபடி வந்தார். "பயப்படாதீங்க. உங்க பொருளு பதினாலும் வூட்ல பத்திரமா கீது."

"வளையெல்லாம் எங்கேண்ணா?"

"அறுப்பு முடிஞ்சா வளைய வெட்டி, எலி சேத்து வெச்ச சாமைய எடுத்துருவோம். எப்பவும் வெறும் வளையா வெட்டிப் பாதி நாளு வீணாப் போவும். இந்த வாட்டி நீங்க ரிப்பன் கட்னதுல ஒன்னுகூடத் தப்பல. புகை போட்டதும் எலியெல்லாம் வெளிய வந்துச்சு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். எலி குடியிருக்கும் வளையாகப் பார்த்துப் பொறுக்கியது நான். அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? எலியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவள், அறுப்புக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

9.30. அவர் வீட்டில் கருவிகளைக் கணினியில் இணைத்துப் பார்த்தேன். நாள் தவறாமல் 25, 26 டிகிரி. கார்த்திகையில் ஒரு காலை, பத்தரை மணிவாக்கில் புகை போட்டபோது 58. அதன்பின் மார்கழி முழுக்கப் பதிவாகியிருந்தது கோவிந்தன் வீட்டு அலமாரியின் குளிர்.

11.00. ஜீப் கிளம்பும் நேரம், கோவிந்தனின் மனைவி முனியம்மா ஓடிவந்து ஒரு துணிப்பையை நீட்டினார். இரண்டு படி இருக்கும்.

"இது என்னக்கா?"

"வளைல எடுத்த சாமைங்க. வளை காட்னவங்களுக்கு ஒரு பங்கு குடுக்கணும், அது எங்க வழக்கம். உங்களுக்குன்னு தனியா அளந்து வெச்சிருந்தோம்."

கை நீட்டி வாங்கிக்கொண்டேன். மார்கழியைத் தாண்டுவதற்கென்று எலிகள் சேர்த்து வைத்த தீனி. மடியில் வைத்துக்கொண்டு திருப்பத்தூர் வரை அழுதேன்.